சுவருக்கு அந்தப் பக்கத்து உரக்குழி

சலோமத்தும் நானும் உஸ்பெகிஸ்தானின் குவா ஊரில் இந்தத் தெருவுக்கு ஒரே இலையுதிர் காலத்தில் மருமகள்களாக வந்தவர்கள். அவள் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிர். அவள் நல்ல உழைப்பாளி. கையில் எடுத்த வேலையை முடிக்காமல் வைக்க மாட்டாள். விருந்தாளி வந்தால் தன் பங்குச் சோற்றையும் எடுத்து வைப்பாள். அவளிடம் ஒரே ஒரு குறை. அடுத்தவளுக்கு ஒரு நல்லது நடந்தால் இவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது. அது அவளுக்கே தெரியும். “எனக்கு வயிறு சின்னது, ரோபியா. அடுத்தவளோட நல்லது அதுல அடங்க மாட்டேங்குது” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் மாமனார் ஹைதர், வாய்க்கால் ஓரமாக ஏழு மாதுளைகளை வரிசையாக வைத்தவர். அவர் இறந்த பிறகு இரண்டு மகன்களும் முற்றத்தைப் பிரித்து நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண்சுவர் எழுப்பினார்கள். சுவர் மாதுளை வரிசையையும் வெட்டிக்கொண்டு போனது. மூத்தவன் எர்காஷ் பக்கம் நாலு, இளையவன் போத்திர் பக்கம் மூன்று. எர்காஷ்தான் சலோமத்தின் கணவன். நகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் சின்ன வேன் ஓட்டுகிறவன். நாலு மரம் தங்கள் பக்கம் வந்ததில் சலோமத்துக்குப் பெருமை. முதல் இரண்டு வருடம் அதைச் சொல்லாமல் அவள் யாருக்கும் தேநீர் ஊற்றியதில்லை.

பிறகு போத்திருக்குக் கல்யாணம் நடந்தது. அந்திஜான் பக்கத்திலிருந்து முவத்தர் வந்தாள். ஒல்லியான பெண், சத்தமில்லாத நடை. கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் போத்திர் கட்டட வேலைக்கு ரஷ்யாவுக்குப் போய்விட்டான். அவன் போன மறுவாரம் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினாள். உடைந்த செங்கல்லைச் சுற்றிலும் அடுக்கினாள். அடியில் திராட்சைக் கொடி கழித்த குச்சிகள், அதன்மேல் காரட் தோல், வெங்காயச் சருகு, முலாம்பழத் தோல், பச்சைத் தேயிலைச் சக்கை, அதன்மேல் காய்ந்த இலை, ஒரு கை பழைய மண், ஒரு கை அடுப்புச் சாம்பல். எல்லாவற்றையும் ஒரு கிழிந்த கம்பளத்தால் மூடிவைத்தாள்.

தெருவே சிரித்தது. புது மருமகள் பூச்செடி வைப்பாள், திரைச்சீலை தைப்பாள். குப்பையை முற்றத்தில் சேர்த்துவைக்கிறவளை நாங்கள் பார்த்ததில்லை. முவத்தர் என்றால் நறுமணம் கமழ்கிறவள் என்று அர்த்தம். சலோமத் விடுவாளா? “பேரு வாசனை, வாசல்ல குப்பை” என்று அவள் சொன்னது ஒரு வாரத்துக்குத் தெருமுழுக்கச் சுற்றியது. முவத்தர் காதிலும் விழுந்திருக்கும். அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீளக் காம்பு வைத்த தோட்டத்து முள்கரண்டியால் குழியைக் கிளறினாள். பிப்ரவரியில் தெருவே பனிக்குள் கிடந்தபோது அந்தக் கம்பளத்தின் ஓரத்தில் மட்டும் ஆவி கிளம்பியது. வசந்தத்தில் குழியின் கறுப்பு மண்ணை அள்ளித் தன் மூன்று மரத்தடியிலும் போட்டாள்.

இரண்டாம் இலையுதிர் காலத்தில் சிரிப்பு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்து மூன்று மாதுளைகளும் கிளை தாங்காமல் காய்த்தன. முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நாலு மரத்துப் பழங்களில் பாதி வெடித்து எறும்பு ஏறிக் கிடந்தன. ஒரே கையால் நட்ட கன்றுகள், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே வெயில். சலோமத்தால் எதன்மீதும் பழியைப் போட முடியவில்லை.

முவத்தர் ஒரு தட்டு நிறையப் பழம் கொடுத்தனுப்பினாள். எர்காஷ் ஒன்றை உடைத்துத் தின்றான். கண்ணை மூடிக்கொண்டு, “இது அப்பா காலத்து ருசி” என்றான். பாவம், அவன் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. சலோமத் தட்டைக் கழுவி, அதில் எதுவும் வைக்காமல் வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பினாள். எங்கள் ஊரில் வெறும் தட்டு திருப்பி அனுப்புவது கன்னத்தில் அறைவதற்குக் கொஞ்சம் கீழே.

அன்றிலிருந்து அவளுக்குச் சுவரோரம் ஓயாமல் வேலை இருந்தது. தன் வீட்டுக் கம்பளத்தைச் சுவர்மேல் உலர்த்துவாள், அரை மணி கழித்துத் திருப்பிப் போடுவாள், மறுபடி எடுத்துத் தட்டுவாள். குழிக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதற்குத்தான் இத்தனையும். பார்த்ததை வைத்து அடுத்த கோடையில் தன் பக்கத்திலும் ரகசியமாக ஒரு குழி வெட்டினாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது தோலும் சக்கையும்தான். காய்ந்த இலையை அவள் ஒரு பொருளாகவே எண்ணவில்லை. தர்ப்பூசணித் தோல், கெட்டுப்போன தயிர், ஆட்டுக்கொழுப்பு மிதந்த மிச்சப் புலாவ், எலும்பு என்று கொட்டிவிட்டு, காற்றே புகாமல் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினாள். பத்தாம் நாள் இரண்டு தெருநாய்கள் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கின. எர்காஷ் வேனை நிறுத்திவிட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வீட்டுக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?” என்று கேட்டான். மறுநாள் மத்தியானம் யாரும் வெளியே வராத வெயிலில் அவளே அந்தக் குழியை மூடினாள். நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

முவத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை சலோமத்தின் தொண்டைக்கு வரவில்லை.

அதற்குள் தெருவில் வேறொரு பழக்கம் தொடங்கியிருந்தது. முவத்தருக்குச் சக்கை போதவில்லை என்று யாரோ ஒருத்தி தன் வீட்டுத் தோலை வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். போனவள் சும்மா திரும்புவாளா? ஒரு கோப்பை தேநீர், கொஞ்சம் பேச்சு. மறுநாள் இன்னொருத்தி போனாள். வசந்தத்தில் வாளி கொண்டு போனவர்களுக்கெல்லாம் முவத்தர் ஆளுக்கொரு பை கறுப்பு மண் கொடுத்தாள். எங்கள் வீட்டுத் தக்காளி எல்லாம் அந்த வருடம் செழித்துக் காய்த்தது. அதுவரை சாயங்காலத் தேநீருக்குத் தெருப்பெண்கள் கூடியது சலோமத் வீட்டு முற்றத்து மேடையில்தான். இப்போது ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கம் நகர்ந்தோம். நானும்தான். சலோமத்துக்குத் தெரியாமல் வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, வாளியைத் துணியால் மூடிக்கொண்டு போவேன்.

மே மாதத்தில் ஒரு நாள் எர்காஷ், தங்கள் வீட்டுப் பட்டுப்புழுக்கள் தின்று மிஞ்சிய முசுக்கொட்டைக் காம்பையும் புழுக் கழிவையும் எட்டு மூட்டையாகக் கட்டி, தம்பி மனைவிக்கு உதவட்டும் என்று சுவருக்கு மேல் தூக்கிக் கொடுத்துவிட்டான். சலோமத் சந்தையிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும் நேரே அந்தப் பக்கம் போனாள்.

“என் புழு தின்னது, என் புழு போட்டது. மூட்டைய எடு” என்றாள்.

முவத்தர் எட்டு மூட்டையையும் ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டிக் கொடுத்தாள். அவை சலோமத்தின் கொட்டகையில் தூசியேறிக் கிடந்தன. சலோமத் போன பிறகு முவத்தர் முற்றத்தில் கண்ணேறு கழிக்கிற புகையைப் போட்டாள். அந்த வாசனை சுவர் தாண்டி வந்தது. “என் கண்ணுக்குப் புகை போடுறா, பாத்தியா” என்று சலோமத் என்னிடம் சொன்னாள். அவளுக்கு மூட்டையைவிடப் புகைதான் வலித்தது.

மறு வருடம் ஏப்ரலில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மாதம் ஒரு வீட்டில் தெருப்பெண்கள் கூடி விருந்து உண்பது வழக்கம். ஏப்ரல் முறை முவத்தருடையது. பசுங்கீரை வைத்த சம்சா சுட்டிருந்தாள். பன்னிரண்டு பேர் இருந்தோம். சலோமத்தும் வந்திருந்தாள், வராமல் இருந்தால் பேச்சாகும். அன்று அவள் வழக்கத்துக்கு மாறாகக் கலகலப்பாக இருந்தாள். தேநீர் இரண்டாம் சுற்று வந்தபோது, “முவத்தர், உன் குழியை எல்லாருக்கும் கிளறிக் காட்டு. நாங்களும் கத்துக்கிறோம்” என்றாள்.

முவத்தரின் முகம் மலர்ந்தது. ஓரகத்தி அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. முள்கரண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நாங்கள் குழியைச் சுற்றி நின்றோம். கம்பளத்தை விலக்கி இரண்டாம் முறை கிளறியபோது கரண்டியோடு மேலே வந்தது அரை ரொட்டி.

எங்கள் ஊரில் ரொட்டித் துணுக்கு தரையில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரமான இடத்தில் வைப்போம். காய்ந்த ரொட்டியைப் பறவைக்குப் போடுவோம், மாட்டுக்கு ஊறவைப்போம். குப்பையில் ரொட்டி போட்டவள் என்று பெயர் வாங்குவதைவிடத் திருடி என்று பெயர் வாங்குவது மேல். முவத்தர் வெளுத்துப்போனாள். “நான் போடல” என்று மெதுவாக ஒருமுறை சொன்னாள். கூட்டத்தில் மூத்தவளான ஹாஜர் அக்கா குனிந்து அந்த ரொட்டியை எடுத்தாள். மண்ணை ஊதித் தள்ளி, உதட்டில் வைத்து, கண்ணில் ஒற்றி, முவத்தர் கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக வெளியேறினோம். சம்சா பாதி தட்டிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வாளிகள் அந்த வாசலுக்குப் போகவில்லை. சாயங்காலப் பேச்சு சலோமத்தின் மேடைக்குத் திரும்பியது. அவள் புது விரிப்பு போட்டாள், ஆப்ரிகாட் பாகு திறந்தாள். யார் முவத்தரைப் பற்றி எது சொன்னாலும் “பாவம், சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருப்பா” என்று அவளே சமாதானம் சொன்னாள். நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த நிறைவை முழுசாகப் பார்த்தேன். நான்கு நாள் நீடித்தது அது.

ஐந்தாம் நாள் சலோமத்தின் தந்தூர் அடுப்பில் நாங்கள் இருவரும் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு முவத்தர் வந்தாள். கையில் ஒரு துணிப்பொதி. பலகைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே அந்த அரை ரொட்டி, காய்ந்து கல்லாகியிருந்தது. ரொட்டியின் நடுவில் ஊசியச்சால் குத்திப் பூப்போடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூ. சலோமத் அப்போதுதான் குத்தி வைத்திருந்த ஈரமான ரொட்டி பக்கத்தில் இருந்தது. அதில் எட்டு இதழ், இந்தப் பாதியில் நாலு இதழ். இரண்டிலும் ஓர் இதழில் இரண்டு ஊசித் துளை இல்லை.

“உங்க அச்சுல ரெண்டு ஊசி விழுந்துடுச்சு அக்கா. மாத்திக்குங்க” என்றாள் முவத்தர்.

சலோமத்தின் கை மாவிலேயே நின்றது. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன்.

“என்னைத் திட்டியிருக்கலாம். குழிய மண்ணப் போட்டு மூடியிருக்கலாம். ரொட்டியப் போட உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?”

சலோமத் மாவைப் பலகையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “உனக்கு என்ன குறை? மரம் காய்க்குது, தெருவே உன் வாசல்ல கெடக்குது. என் வீட்டுக்காரர்கூட உன் பழத்தைத்தான் அப்பா பழம்ங்கிறார்.”

“எனக்கு என்ன குறையா?” முவத்தர் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “சாயங்காலம் உங்க வாசல்ல வண்டி உள்ள வர்ற சத்தம் கேக்கும். அவர் இருமுவார். நீங்க ‘ஏன் லேட்டு’ன்னு சண்டை போடுவீங்க. அத்தனையும் சுவர் தாண்டிக் கேக்கும் அக்கா. நான் அந்த நேரத்துல சோத்தத் தட்டுல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், இறங்காது. என் வீட்டுக்காரர் ரஷ்யா போன இந்த மூணு வருஷத்துல மொத்தமா எழுபது நாள்தான் இங்க இருந்திருக்கார். நான் எதுக்குக் குழி வெட்டினேன்னு நெனக்கிறீங்க? பகல் பூரா கைக்கு வேலை வேணும். அதுல ஆளுங்க வந்தாங்க. அது எனக்குக் கெடைச்ச கொசுறு. அதையும் புடுங்கிட்டீங்க.”

ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். கதவை அந்தப் பக்கம் தாழ் போட்ட சத்தம் கேட்டது. அடுப்பில் ஒட்டியிருந்த ரொட்டிகள் கருகின. இருவரும் எடுக்கவில்லை.

சலோமத் அன்று என்னிடம் கேட்டாள், “இவளுக்கு என்மேல பொறாமையாம் ரோபியா. என்கிட்ட என்ன இருக்கு?” உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். எர்காஷ் இருமுவதைப் பார்த்து ஒருத்தி வயிறெரிவாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த விருந்து சலோமத் வீட்டில். முவத்தர் வரவில்லை. புலாவ் தட்டு வைத்து, எல்லோரும் கையெடுத்துப் பிரார்த்தனை முடித்து முகத்தைத் தடவிக்கொண்ட பிறகு, சலோமத் நின்றபடியே சொன்னாள்: “அந்த ரொட்டியப் போட்டது நான். அவ இல்ல.”

ஒருத்தியும் தட்டில் கை வைக்கவில்லை. ஹாஜர் அக்காதான் கேட்டாள், “ஏண்டி?”

“பொறுக்கல அக்கா. வேற ஒண்ணுமில்ல.”

அவளை யாரும் திட்டவில்லை. ஹாஜர் அக்கா, “சோறு ஆறுது, சாப்பிடுங்க” என்றாள். எர்காஷ் விஷயம் கேள்விப்பட்டு ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சின்ன வயதில் பசித்து ரொட்டிக்கு வரிசையில் நின்றவன் அவன்.

உண்மையைச் சொன்னால் பொறாமை விட்டுப்போகும் என்று சலோமத் நினைத்திருந்தாள். போகவில்லை. மறுநாளே தெரு முழுவதும் வாளியோடு முவத்தர் வாசலுக்குப் போனது. பழி சுமத்திய வெட்கத்தில் எல்லோரும் இரண்டு மடங்கு அன்பு காட்டினார்கள். ஒருத்தி புதுக் கம்பளமே குழிக்கு மூடக் கொடுத்தாள். சலோமத் தன் மேடையில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். “முன்னைவிட இப்பத்தான் அதிகமா எரியுது. நானே எண்ணெய் ஊத்தினேன்” என்றாள் என்னிடம்.

அந்தக் கோடை முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எட்டு மூட்டைக் கழிவையும் ஒரு நாள் சலோமத் தானே சுவருக்கு மேல் வரிசையாக ஏற்றி வைத்தாள். அந்தப் பக்கமிருந்து மூட்டைகள் இறங்கின. பேச்சு இறங்கவில்லை.

நவம்பரில் மாதுளையைப் புதைக்க வேண்டும். எங்கள் குளிருக்குத் திறந்து விட்டால் கருகிவிடும். கிளைகளைத் தரையோடு வளைத்துக் கட்டி மண்ணால் மூடினால்தான் வசந்தம் பார்க்கும். ஒருவர் வளைத்துப் பிடிக்க, இன்னொருவர் மண் அள்ளிப்போட வேண்டிய வேலை. வழக்கமாக எர்காஷ் இரண்டு பக்கமும் செய்து கொடுப்பான். அந்த வருடம் அவன் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டான். முவத்தர் தனியாகக் கிளையை முழங்காலால் அழுத்திக்கொண்டு ஒரு கையால் மண் தள்ளுவதைச் சலோமத் சுவர் வழியாகப் பார்த்தாள். முதல் கிளை முறிந்தது. அந்தச் சத்தத்துக்குச் சலோமத் சிரித்திருக்கலாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

தாழ் திறந்தது. மூன்று மரத்தையும் முடித்துவிட்டு, அப்படியே இந்தப் பக்கம் வந்து நாலு மரத்தையும் முடித்தார்கள். கடைசி மரத்தடியில் முவத்தர் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாளாம்.

“இது வெறும் களிமண்ணு அக்கா. வேர் மூச்சு முட்டுது, அதான் பழம் வெடிக்குது.”

“நானும் குழி வெட்டினேன். நாறிப்போச்சு.”

“தெரியும். எனக்கும் வாசனை வந்துச்சு.” முவத்தர் அப்போது உண்மையாகவே சிரித்தாள். “ஈரம் ஒரு பங்குன்னா காய்ஞ்சது ரெண்டு பங்கு போடணும். எலும்பு, கொழுப்பு கூடாது. மூச்சு விட வழி வேணும். அவ்வளவுதான்.”

“இவ்வளவுதானா” என்று சலோமத் என்னிடம் மூன்று முறை சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இரண்டு வருட வயிற்றெரிச்சலுக்கு விடை ஒரு கூடைச் சருகு.

அதன்பிறகு இருவருக்கும் ஒரே குழியாயிற்று. சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில் பெரிதாக வெட்டினார்கள். பொறாமை அடியோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். தன் பக்கத்திலிருந்து எத்தனை வாளி போயிற்று, அவள் பக்கத்திலிருந்து எத்தனை என்று சலோமத்துக்கு எப்போதும் மனக்கணக்கு உண்டு. கறுப்பு மண்ணை அள்ளும்போது யார் மரத்துக்கு முதலில் என்று சண்டை வரும். அந்தச் சண்டையை எர்காஷ் தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. வழக்கப்படி இளையவன்தான் தகப்பன் வீட்டில் தங்க வேண்டும். ஆனால் போத்திர் திரும்பி வந்தபோது நெடுஞ்சாலை ஓரம் மனை வாங்கி, பட்டறையும் வீடுமாகக் கட்டினான். முவத்தர் ஒரு கையில் குழந்தையோடு சாமான் ஏற்றினாள். ஏழு மாதுளையும் சலோமத்துக்கு என்று ஆயிற்று. குழியும் அவளுக்கே. தெருவில் வாளிகள் இப்போது அவள் வாசலுக்குத்தான் வருகின்றன. இத்தனை வருடம் எதற்கு வயிறெரிந்தாளோ அதெல்லாம் கைக்கு வந்தது. அவள் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

புது மனையில் உப்புப் பூத்த மண், புல்லும் முளைக்காது என்று செய்தி வந்தது. சலோமத் குழியைத் தோண்டி அடிமண்ணாகப் பார்த்துப் பன்னிரண்டு மூட்டை கட்டினாள். எர்காஷின் வேனில் இருக்கையைக் கழற்றிவிட்டு மூட்டைகளை அடுக்கினோம். நானும் கூடப் போனேன்.

முவத்தரின் புது வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். கையில் வாளிகள். மூட்டையை இறக்க அவர்களும் கை கொடுத்தார்கள். அதில் தடித்த ஒருத்தி, சலோமத்தை ஏதோ உரம் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னாள்: “எங்க முவத்தர் வந்த பெறகுதான் இந்தத் தெருவே தெருவாச்சு.”

சலோமத் மூட்டையைத் தரையில் வைத்தாள். தலைத்துணியில் பட்ட மண்ணைத் தட்டவில்லை. அவள் கழுத்தில் அந்தப் பழைய பொறாமைச் சிவப்பு ஏறுவதை நான் பார்த்தேன்.

“உங்க முவத்தரா?” என்றாள். “எப்பலேருந்து?”